மனம் எப்பக்கம்? சிவஞானபோதமும் டேக்கார்ட்டும்

மெய்யியலைத் தமிழிற் பயில்வோர் அடிக்கடி எதிர்ப்படும் தொடர்களுள் 'உடல் – மனம் இருமைக் கொள்கை' என்பதும் ஒன்று. பிரெஞ்சு நாட்டு மெய்யியலாளராகிய ரெனே டேக்கார்ட் (1596–1650) நிலைநாட்டிய கொள்கைக்கு இப்பெயர் வழங்குகின்றது. உடம்பு வேறு, உணர்வுடைப் பொருள் வேறு என அவர் கொண்டார். சைவசித்தாந்தமும் உடம்பின் வேறாய் ஆன்மா உண்டெனக் கூறுதலின், இரண்டும் ஒரு கொள்கையே எனக் கருதுவாரும், மேனாட்டார் பதினேழாம் நூற்றாண்டிற் கண்டதனை மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார் எனப் பெருமிதம் கொள்வாரும் உளர். இப்பெருமிதம் மெய்கண்டாருக்குப் புகழ் சேர்ப்பதன்று. அவர் செய்த நுண்ணிய பாகுபாடு ஒன்றை மறைப்பதாகும். மனம் எப்பக்கத்தது என்னும் வினாவைப் பற்றியது அப்பாகுபாடு. டேக்கார்ட் மனத்தை ஆன்மாவின் பக்கம் வைத்தார். மெய்கண்டார் அதனை உடம்பின் பக்கம் வைத்தார். இவ்வொரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை பல.

இருவரும் ஒன்றுபடும் இடத்தை முதற்கண் நோக்குதல் முறையாகும். 1641ஆம் ஆண்டு வெளிவந்த 'தியானங்கள்' என்னும் நூலில் டேக்கார்ட், ஐயுறக்கூடிய யாவற்றையும் ஐயுற்றுத் தள்ளுகின்றார். புலன்கள் காட்டும் உலகு பொய்யாகலாம். தம் உடம்பும் கனவிற் கண்ட உடம்பாகலாம். ஆயின் ஐயுறுவோன் ஒருவன் இலனாயின் ஐயம் நிகழாது. ஆகவே ஐயுறுவோன் உளன் என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டதாய் எஞ்சுகின்றது.

பன்னிரண்டு சூத்திரங்களில் நாற்பது அடிகளாக அமைந்த சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் ஆன்மாவின் உண்மையை ஏழு அதிகரணங்களால் நிறுவுகின்றது. அவற்றுள் முதலாவது டேக்கார்ட்டின் வழிக்கு மிக அணித்தாய் இருத்தல் வியக்கத்தக்கது. உடம்பையும் புலன்களையும் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, 'இது ஆன்மா அன்று, இதுவும் அன்று' என யாவற்றையும் மறுத்து நிற்கும் அறிவு ஒன்று உண்டு. அதுவே ஆன்மா என்பது அதன் கருத்து. மறுப்போனை மறுத்தல் இயலாது என்னும் இவ்வளவில் இருவரும் உடன்செல்கின்றனர்.

ஆயின் அடுத்த அடியிலேயே வழி பிரிகின்றது. எஞ்சிய அவ்வறிவுப் பொருள் யாது என வினவிய டேக்கார்ட், ஐயுறுவதும் விளங்கிக்கொள்வதும் உடன்படுவதும் மறுப்பதும் விரும்புவதும் கற்பனை செய்வதும் யாதோ அதுவே எனப் பட்டியல் தந்தார். ஐயம், துணிபு, நினைவு என்னும் தொழில்கள் யாவும் உடம்போடு தொடர்பற்ற ஒரே பொருளின் தொழில்களாயின. அப்பொருளுக்கு மனம் என்றும் ஆன்மா என்றும் பெயரிடுவதில் அவருக்குத் தடையில்லை.

சித்தாந்தியின் கணக்கு வேறு. அவர் இத்தொழில்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியை வகுக்கின்றார். பொருளைப் பற்றிச் சிந்திப்பது சித்தம். இதுவோ அதுவோ என ஐயுறுவது மனம். யான் இதனைத் துணிவேன் என முனைவது அகங்காரம். இஃது இன்னதே எனத் துணிவது புத்தி. இந்நான்கும் அந்தக்கரணங்கள், அஃதாவது உட்கருவிகள். கருவி என்றமையால் அவை கருத்தா அல்ல என்பது பெறப்படும். முப்பத்தாறு தத்துவங்களுள் இந்நான்கும் எண்ணப்படும் இடம் யாதென நோக்கின் உண்மை மேலும் தெளிவாகும். மண், நீர் முதலிய பூதங்கள் ஐந்து, தன்மாத்திரைகள் ஐந்து, ஞானேந்திரியங்கள் ஐந்து, கன்மேந்திரியங்கள் ஐந்து ஆகியவற்றோடு சேர்த்தே இவை இருபத்து நான்கு தத்துவங்களாக எண்ணப்படுகின்றன. அத்தொகுதி ஆன்ம தத்துவம் என்னும் பெயர் பெறினும் அதன்கண் உள்ளவை யாவும் சடமே. மண்ணும் மனமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்று பருமை, மற்றொன்று நுண்மை என்பதே வேறுபாடு.

ஆகவே ஐயத்திலிருந்து ஆன்மாவுக்குச் செல்லும் டேக்கார்ட்டின் வழியைச் சித்தாந்தி அப்படியே ஏற்றுக்கொள்ளார். ஐயுறுதல் மனத்தின் தொழில். அத்தொழிலைத் தன் தொழிலென மயங்கியும், பின்னர் தன்னின் வேறெனத் தெளிந்தும் நிற்பதே ஆன்மா. நான்காஞ் சூத்திரம் இதனையே தனியே எடுத்து நிறுவுகின்றது. ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று. அவற்றைக் கூடி நிற்பது. அமைச்சரோடு கூடிய அரசனை ஒப்பது என்பது அச்சூத்திரம் காட்டும் உவமை. அரசன் அமைச்சர் வாயிலாகவே நாட்டை அறிகின்றான். அமைச்சர் அகன்றவிடத்து அறியாதிருப்பினும் அரசன் இலன் ஆகான்.

இப்பாகுபாட்டின் பயனை உறக்கத்தில் வைத்து அளந்தறியலாம். எண்ணுதலே ஆன்மாவின் இயல்பாயின், எண்ணமற்ற ஆழ்ந்த உறக்கத்தில் ஆன்மா என்னாகும்? இவ்விடர்ப்பாட்டினால் டேக்கார்ட், ஆன்மா எக்காலத்தும் எண்ணிக்கொண்டே இருக்கின்றது எனச் சொல்ல நேர்ந்தது. ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக், 1690 என்னும் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் பெருநூலில் இதனை வன்மையாகக் கண்டித்தார். உறங்குவோன் எண்ணுகின்றான், ஆயின் எண்ணுவதை அறியான் என்பது அவருக்குப் பொருந்தாக் கூற்றாகத் தோன்றியது. சித்தாந்தத்துக்கு இவ்விடர் இல்லை. உறக்கத்தில் மூச்சு இயங்கியும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமையை எடுத்துக்காட்டி, மூச்சு ஆன்மா அன்று என மெய்கண்டார் காட்டுகின்றார். கருவிகள் ஒடுங்கியபோது அறியாது கிடத்தலும் ஆன்மாவுக்கு ஒரு நிலையே. ஆணவமலத்தின் மறைப்பினால் அது தானே அறியமாட்டாது, உணர்த்த உணர்வது. நனவு முதல் துரியாதீதம் ஈறாகிய ஐந்து அவத்தைகளும் இவ்வுண்மையின் விரிவே.

இனி, இக்காலத்தவர்க்கு எழும் வலிய தடை ஒன்றுண்டு. மூளையிற் காயம் பட்டால் நினைவு கெடுகின்றது, குணமும் மாறுகின்றது, ஆதலின் மூளையின் வேறாய் ஆன்மா ஒன்று எதற்கு என்பர். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலேசன் என்பவர்க்கு 1953ஆம் ஆண்டு வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு மூளையின் இரு மருங்கிலும் சில பகுதிகள் அகற்றப்பட்டன. அதன் பின்னர் அவர் 2008ஆம் ஆண்டு இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். கண்ணாடியில் நோக்கி உருவம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ந்தது. ஆயினும் முன்பு அதனைப் பயின்றதாக அவருக்கு நினைவில்லை. மனத்தையும் ஆன்மாவையும் ஒன்றாக்கிய கொள்கைக்கு இத்தகைய நிகழ்ச்சி பேரிடர் தருவது. ஆன்மாவின் தொழிலென்று கூறப்பட்டதனை மருத்துவர் கருவி அறுத்தெறிந்துவிட்டதே! மனத்தைச் சடமென முன்னரே கூறிய கொள்கைக்கோ இது வியப்பன்று. கருவி சிதைந்தது, அதனாற் கிடைக்கும் அறிவும் சிதைந்தது.

எனினும் ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் வேண்டப்படும். சித்தம் என்பது மூளையின் இன்ன பகுதி, புத்தி என்பது இன்ன பகுதி எனப் பொருத்திக் காட்டி, சித்தாந்தத்தை விஞ்ஞானம் நிறுவிவிட்டது என்றல் பொருந்தாது. தத்துவ வகுப்பு அனுபவத்தைப் பகுத்து எழுந்தது. உடற்கூற்றை அறுத்துக் கண்டதன்று. ஒரு கொள்கை ஒரு தடையினாற் கெடவில்லை என்பது வேறு. அத்தடையினால் நிறுவப்பட்டது என்பது வேறு.

இரண்டாவது எச்சரிக்கை சித்தாந்தத்தின் மேலேயே செல்வது. 1643ஆம் ஆண்டு பொகீமியா இளவரசி எலிசபெத் டேக்கார்ட்டுக்கு எழுதிய மடலில், உருவற்ற ஆன்மா உருவுள்ள உடம்பை எவ்வாறு அசைக்கும் என வினவினார். ஆறாண்டுகளின் பின் டேக்கார்ட் மூளையின் நடுவணுள்ள சிறு சுரப்பி ஒன்றைச் சுட்டினார், வினா தீரவில்லை. மனத்தைச் சடமாக்கியதனால் சித்தாந்தி இவ்வினாவைக் கடந்துவிட்டார் எனல் தகாது. அதனை ஒருபடி உள்ளே தள்ளியிருக்கின்றார். மனம் உடம்பை அசைத்தல் சடம் சடத்தை அசைத்தலே; ஆயின் சித்தாகிய ஆன்மா சடமாகிய மனத்தோடு கூடுவது எங்ஙனம்? இதற்கு அவர் கூறும் விடை இருபகுதியானது. சார்ந்ததன் தன்மையை அடைதல் ஆன்மாவின் இயல்பு. பல நிறங்களைச் சார்ந்த படிகம் அவ்வந்நிறமாய்த் தோன்றுதல் போல்வது என்பது ஒன்று. கருவிகளை ஆன்மாவோடு கூட்டி இயக்குவது இறைவனுடைய சத்தி என்பது மற்றொன்று. முதற்பகுதி சிந்தனைக்கு விருந்து. இரண்டாம் பகுதி இறையுண்மையை உடன்பட்டார்க்கே விடையாகும். உடன்படாதானோடு வாதிடுமிடத்து இதனைச் சொல்லி அமைதல் போதாது. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர் உலகாயதனையே முதற்கண் எதிர்கொள்வதும், அவன் ஒப்பும் அளவைகளை ஆராய்வதும் இவ்வுண்மையை அவர் உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டும்.

மற்றொரு விலையையும் சித்தாந்தி கொடுக்கின்றார். நினைவு மனத்தின் பக்கத்ததாயின், ஒருவன் 'நான்' என்று போற்றும் பலவும் அவனுடைய ஆன்மா அல்ல. கற்ற கல்வி, பெற்ற பட்டம், நண்பர் பெயர், இளமை நினைவு ஆகிய யாவும் கருவிகளிற் படிந்தவை. கருவிகளின்றி நிற்கும் கேவல நிலையில் ஆன்மாவுக்கு இவற்றுள் ஒன்றேனும் விளங்காது. ஆகவே ஆன்மா அழியாது என்னும் கூற்றினால், நினைவுகள் அழியா என்னும் ஆறுதலைப் பெற விழைவார் ஏமாற்றம் அடைவர். சித்தாந்தம் அந்த ஆறுதலைத் தரவில்லை. தருவதாகக் கூறுவோர் அதனைச் சரியாகப் பயிலாதவரே.

ஆயின் அது தருவது வேறொன்றுண்டு. முதுமையில் மறதிநோய் வாய்ப்பட்ட தாய் ஒருத்தி, தான் பெற்ற மகனையே நோக்கி 'நீர் ஆர்?' என வினவும் காட்சி இன்று பல இல்லங்களில் நிகழ்வது. மனமே ஆள் எனின், அவ்வில்லத்தில் இருப்பவள் தாய் அல்லள், தாயின் எச்சமே. அவளைப் பேணுதலும் பழைய நன்றிக்கடன் என்ற அளவில் சுருங்கும். மனம் கருவியே எனின், பழுதுற்றது கருவி. அதனைக் கொண்டிருந்தவள் அங்கேயே இருக்கின்றாள். அமைச்சர் அகன்ற அவையில் அரசன் பேசாதிருக்கின்றான். அவையை நோக்கிச் செய்யும் வணக்கம் அதனாற் குறைதல் கூடாது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றிய குழவிக்கும் இஃது ஒக்கும். அறிவின் கூர்மையை மதிப்பின் அளவாக்கிய உலகில் இக்கொள்கையின் பயன் சிறிதன்று.

கல்லூரிகளுக்கும் இதன்கண் ஒரு பாடம் உண்டு. தேர்வுகள் அளப்பது சித்தத்தின் பற்றும் ஆற்றலையும் புத்தியின் துணிபையுமே. அவற்றைக் கூர்மையாக்குதல் கல்வியின் கடமை. கூர்மை குன்றிய மாணவனைத் தாழ்ந்தோனெனக் கருதுதல் கருவியையும் கருத்தாவையும் மயங்கக் கொண்ட பிழை. டேக்கார்ட்டின் பெருமை, உணர்வை உடம்பாகக் குறுக்க இயலாதெனத் துணிந்து வாதிட்டமை. மெய்கண்டாரின் பெருமை, உணர்வின் கருவிகளையும் உடம்போடு சேர்த்து எண்ணி, அவற்றின் அப்பாலும் ஆன்மாவைத் தேடியமை. ஒருவரை மற்றவர்க்கு முன்னோடியாக்காது இருவரையும் அவரவர் வினாவோடு கற்பதே இருவர்க்கும் செய்யும் மரியாதையாகும்.