ஸனது அறுந்த விடைகள்

ஒரு செய்தியைச் செவியுற்றதும், ‘இதனை உமக்கு அறிவித்தவர் யார்?’ என வினவுவது ஹதீஸ்கலை அறிஞர்களின் முதல் வழக்கமாக இருந்தது. ஹிஜ்ரி 181இல் (கி.பி. 797) மறைந்த அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் ஸனது எனும் அறிவிப்பாளர் தொடரை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். அத்தொடர் இல்லையெனில் எவரும் எதனையும் கூறிவிட இயலும் என்பது அன்னாரின் அச்சம். இணையத் தேடுபொறிகளில் அண்மை ஆண்டுகளில் ஏற்பட்டுள்ள ஒரு மாற்றத்தை இந்த அளவுகோலைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அவர்களது தேடுபொறியின் பணி வழிகாட்டுவதாகவே இருந்தது. வினவுபவருக்கு அது விடை கூறவில்லை. விடை இருக்கக்கூடிய பக்கங்களை வரிசைப்படுத்தித் தந்தது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அவ்வாறு சுட்டுவன எத்தகைய மதிப்புடையன என்பவற்றைக் கொண்டு அவ்வரிசை அமைந்தது. ஆய்வேடுகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் மரபிலிருந்து எடுக்கப்பட்ட முறை இது. இம்முறையிலும் குறை உண்டு. பலரால் சுட்டப்படுவது வேறு, நம்பத்தக்கது வேறு. மக்கள் நாவில் பிரபலமான செய்திகள் யாவும் ஸஹீஹ் ஆகிவிடா என்பதை நம் முன்னோர் தனி நூல்களே எழுதி உணர்த்தினர். எனினும், வாசகர் தாமே அப்பக்கத்திற்குச் சென்றார். எழுதியவர் யார், எந்த நூலிலிருந்து எடுத்தார், எப்போது எழுதினார் என்பவற்றைக் கண்டார். ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இருந்தன.

2012 மே மாதத்தில் தேடல் முடிவுகளின் அருகே ஆளுமைகள், ஊர்கள் முதலியவை குறித்த தகவற் கட்டங்கள் தோன்றின. 2014இல் ஏதேனும் ஓர் இணையத்தளத்தின் சில வரிகளை வெட்டியெடுத்து, விடையாக உச்சியில் வைக்கும் முறை வந்தது. அப்போதும் அவ்வரிகள் ஒருவருடைய வரிகளாகவே இருந்தன. கீழே அவரது முகவரியும் இருந்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் பரவலாக அறிமுகமாகிப் பின்னர் பிற நாடுகளுக்கும் வந்த செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் இவற்றினின்றும் வேறானது. அது பல பக்கங்களின் கருத்துகளை ஒன்றாகக் கலந்து, தன் சொந்த நடையில் ஒரே விடையாக உரைக்கின்றது.

அது அறிமுகமான அதே மாதத்தில் உலகம் நகைத்த ஒரு நிகழ்வு உண்டு. மனிதர் எத்தனை கற்களை உண்ண வேண்டும் என ஒருவர் விளையாட்டாக வினவ, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் கருத்துப்படி நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு சிறு கல்லாவது உண்ண வேண்டும் என்ற பொருளில் விடை வந்தது. ‘தி ஆனியன்’ எனும் அமெரிக்க நையாண்டி ஏடு 2021இல் வெளியிட்ட கேலிக் கட்டுரையே இதன் மூலம். புவியியல் மென்பொருள் நிறுவனமொன்று அக்கட்டுரையைத் தனது தளத்தில் மறுபதிப்புச் செய்திருந்தது. தேடுபொறி அங்கிருந்து அதனை எடுத்துக்கொண்டது. அம்மாத இறுதியில் கூகுளும் இத்தவறு நேர்ந்த விதத்தை விளக்கி ஒப்புக்கொண்டது.

செய்தித்தாள்கள் இதனை ஒரு வேடிக்கையாக எழுதிக் கடந்தன. முஸ்தலஹுல் ஹதீஸ் பயின்ற மாணவனுக்கோ இது பாடநூலில் உள்ள ஒரு நோய். நம்பகமான இருவருக்கு இடையே நின்ற பலவீனமான அறிவிப்பாளரை நீக்கிவிட்டு, தொடர் முழுவதும் நம்பகமானவர்களால் ஆனது போலக் காட்டுவதைத் ‘தத்லீசுத் தஸ்வியா’ என்பர். தத்லீஸின் வகைகளுள் மிகக் கொடியதாக இதனை அறிஞர்கள் எண்ணினர். மேற்கண்ட தொடரை நோக்குக: ஒரு முனையில் பல்கலைக்கழகப் புவியியலாளர், மறுமுனையில் புவியியல் நிறுவனத்தின் தளம். இடையில் நின்ற நையாண்டி ஏடு மறைந்துவிட்டது. அது மறைந்ததும் பொய், அறிஞர் வாக்காகிவிட்டது. ஹிஜ்ரி 160இல் மறைந்த ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) அவர்கள் தத்லீஸ் செய்வோர் மீது ஏன் அத்துணைக் கடுமை காட்டினார்கள் என்பது இப்போது விளங்கும்.

எந்திரத்திற்கு வஞ்சக எண்ணம் இல்லையே, அதனை எவ்வாறு முதல்லிஸ் எனலாம் எனச் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அறிவிப்பாளரிடம் நம் அறிஞர்கள் இரு தகுதிகளைத் தேடினர்: ஒன்று அதாலத் எனும் நேர்மை, மற்றொன்று ளப்த் எனும் பிசகாத நினைவாற்றல். பொய்யர் முதலாவதில் வீழ்கிறார். மறதியாளர் இரண்டாவதில் வீழ்கிறார். எவ்வாறாயினும் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயர் ரிஜால் நூல்களில் பதிவாகி, பின்வந்தோர் எச்சரிக்கை பெற்றனர். எந்திரமோ நேர்மைக்கும் நேர்மையின்மைக்கும் அப்பாற்பட்டது. அது முகல்லஃப் அன்று. அதன் நினைவோ இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் பேசக்கூடியது. அதன் பிழைக்கு யாரைப் பொறுப்பாக்குவது? எழுதியவர், தாம் அவ்வாறு எழுதவில்லை என்பார். நிறுவனமோ, இது தானாக உருவானது, சரிபார்த்துக் கொள்க என்கிறது. சொல் உலவுகிறது, சொன்னவர் எவருமிலர்.

சுருக்கத்தின் அருகில் மூலத் தளங்களின் இணைப்புகள் தரப்படுகின்றனவே என்பர். உண்மை. ஆயினும் இணைப்பு ஒட்டப்பட்ட பத்தியில் எச்சொல் மூலத்துக்குரியது, எச்சொல் எந்திரம் சேர்த்தது என்பதை அது பிரித்துக் காட்டுவதில்லை. அறிவிப்பாளரின் சொல் நபிமொழியோடு கலந்துவிடுவதை ‘இத்ராஜ்’ என்று பெயரிட்டு, அவ்வாறு கலந்தவற்றைப் பிரித்தெடுக்கவே தனி நூல்கள் இயற்றிய சமுதாயம் நாம். மேலும், அந்த இணைப்புகளைத் தொடுவோர் எத்தனை பேர்? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்தில் 900 பேரின் இணையப் பயன்பாட்டை ஆராய்ந்தது. சுருக்கம் தோன்றாத தேடல்களில் 100க்கு 15 முறை அவர்கள் ஏதேனுமொரு தேடல் இணைப்பைத் தொட்டனர். சுருக்கம் தோன்றியபோது அது 8 ஆகக் குறைந்தது. சுருக்கத்தினுள்ளே தரப்பட்ட மூல இணைப்பைத் தொட்டதோ 100க்கு 1 முறையே. ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத காலம் பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றதை இமாம் புகாரீ (ரஹ்) தமது நூலின் கல்வி பற்றிய பகுதியில் குறிப்பிடுகிறார்கள். இன்றைய பயணத்தின் தொலைவு ஒரு விரல் அசைவு. அதுவும் நமக்கு அரிதாகிவிட்டது.

இதன் விளைவை என் வகுப்பிலேயே கண்டேன். கல்வியைத் தேடிச் சீனா வரையிலும் செல்லுமாறு கூறுவதாக வழங்கும் செய்தியின் மூலம் யாது எனக் கேட்டேன். மாணவர் ஒருவர் செல்பேசியைப் பார்த்து, இப்னு மாஜாவில் உள்ளது எனத் தயக்கமின்றிக் கூறினார். நூலகத்திற்கு அனுப்பினேன். இரண்டு நாட்கள் கழித்து அவரே உண்மையைக் கொண்டுவந்தார். கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை எனும் அறிவிப்பே இப்னு மாஜாவில் உள்ளது. சீனா பற்றிய பகுதியோடு அதனை இணைத்துத் தரும் அறிவிப்பு இமாம் பைஹகீயின் ‘ஷுஅபுல் ஈமான்’ நூலில் வருகிறது. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களோ சீனா பற்றிய அறிவிப்பை இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்துள்ளார்கள். ஒரு பாதிக்கு உரிய மூலம் மறுபாதிக்கும் சூட்டப்பட்டுவிட்டது. இரண்டு நாட்களில் அம்மாணவர் மூன்று இமாம்களின் நூல்களைப் புரட்டினார். செல்பேசி தந்த ஒரு நொடியில் அவர் எதனையும் புரட்டவில்லை.

பாமர மக்கள் ஒவ்வொருவரும் நூலகத்திற்குச் செல்ல இயலுமா எனும் வாதத்தையும் புறக்கணிப்பதற்கில்லை. முஃப்தியிடம் விடை கேட்பவர் ஆதாரம் முழுவதையும் கேட்டாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சுருக்கமும் நம் மரபுக்கு அந்நியமானதன்று. ஹிஜ்ரி 516இல் மறைந்த இமாம் பஃகவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மஸாபீஹுஸ் ஸுன்னா’வில் சுருக்கம் கருதி ஸனதுகளை விட்டுவிட்டார்கள். நூல் பயனுடையதாக இருந்தும், மூலம் தெரியாமை ஒரு குறையாகப் பேசப்பட்டது. பின்னர் கத்தீப் தப்ரீஸீ (ரஹ்) அவர்கள் ஒவ்வொரு ஹதீஸின் தொடக்கத்தில் நபித்தோழரின் பெயரையும் இறுதியில் அதனைப் பதிவு செய்த இமாமின் பெயரையும் சேர்த்து, ஹிஜ்ரி 737இல் (கி.பி. 1337) நிறைவு செய்த நூலே நம் மத்ரஸாக்களில் பயிலப்படும் ‘மிஷ்காத்துல் மஸாபீஹ்’. ஆக, விடை சுருக்கமாக இருப்பது குற்றமன்று. சொன்னவரை மறைத்து, அவர் சொல்லோடு பிறர் சொல்லைக் கலந்து, அவரிடம் செல்லும் வழியையும் வாசகருக்குத் தேவையற்றதாக்குவதே குற்றம்.

இதில் அநீதியின் கூறும் உண்டு. விடையை உண்டாக்கியவர், இரவு பகலாக நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி இணையத்தில் ஏற்றியவர். அவர் தளத்திற்கு வருவோர் குறையின் அத்தளம் நீடிப்பது எவ்வாறு? அமெரிக்கக் கல்வி நிறுவனமான செக் 2025 பிப்ரவரியிலும், இதழியல் நிறுவனமான பென்ஸ்கி மீடியா அவ்வாண்டு செப்டம்பரிலும் இதன்பொருட்டு கூகுள் மீது வழக்குத் தொடுத்தன. அவை வணிக நிறுவனங்கள்; வழக்காட வல்லவை. ஊதியம் கருதாது மார்க்க நூல்களைப் பதிவேற்றும் தன்னார்வலர்களுக்கு வழக்கும் இல்லை, வருவோரும் இல்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குடத்து நீரைப் புகழ்வது எத்தனை நாளைக்கு?

தேடுபொறியை விலக்குமாறு நான் கூறவில்லை. அதனை வழிகாட்டியாகக் கொள்வோம், அறிவிப்பாளராகக் கொள்ளாதிருப்போம். நமது அரபிக் கல்லூரிகளில் தக்ரீஜ் பயிற்சி முன்னெப்போதையும் விட இன்று தேவை; மூல நூலின் பக்கத்தைக் கண்ணால் காணாது எந்த மேற்கோளையும் ஏற்பதில்லை எனும் விதியை வகுப்பறையிலும் மிம்பரிலும் நாம் கடைப்பிடித்தாக வேண்டும்.

மிஷ்காத்தைப் பாடம் நடத்துவோர் ஒன்றை அறிவர். மூல இமாமின் பெயர் வரவேண்டிய இடம் அந்நூலில் சிற்சில ஹதீஸ்களுக்குப் பின் வெறுமையாக விடப்பட்டிருக்கும். தேடியும் தமக்குக் கிடைக்காத இடங்கள் அவை எனவும், கண்டறிந்தவர் அங்கே சேர்த்துக்கொள்ளலாம் எனவும் ஆசிரியர் முன்னுரையில் தெரிவித்துள்ளார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளாக அவ்வெற்றிடங்கள் மாணவர்களைத் தேடலுக்கு அனுப்பி வருகின்றன. உரையாசிரியர்கள் பலவற்றை நிரப்பியும் உள்ளனர். தெரியாத இடத்தை வெறுமையாக விடும் நேர்மை எந்த விடையில் இல்லையோ, அவ்விடையை நாமும் நம் மாணவர்களும் ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

வல்லாஹு அஃலம்.