ஜாம் போத்தலும் ஒரு தண்டனையும்

எஸ்.பி.எம். இலக்கியத் தாளில் 'பின்னணி' என்று கேட்டால், நம்ம பிள்ளைங்க இடம், காலம், சமுதாயம் என்று மூன்று வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க. பின்னணி தனி, கதைப்பின்னல் தனி என்று மனனம் செய்ததால் வரும் சிக்கல் இது. நல்ல படைப்பில் இரண்டும் ஒன்றாகவே நகரும். அதைக் காட்ட ஒரு பிரெஞ்சுப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். லூயி மால் இயக்கி 1987-இல் வெளிவந்த 'ஓ ரெவ்வார் லேஸான்ஃபான்'. 'போய் வருகிறேன், பிள்ளைகளே' என்பது பொருள். அவ்வாண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற படம்.

கதை நடப்பது 1944 ஜனவரியில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில், கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளியில். அங்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வரிசையாகக் கட்டில் போட்ட பெரிய படுக்கைக்கூடம், எலும்பைத் துளைக்கும் குளிர், ஜெபம், திருப்பலி, வகுப்பு, முற்றத்தில் மரக்கால் கட்டி மோதும் விளையாட்டு. சைரன் ஒலித்தால் எல்லாரும் நிலவறைக்கு ஓட வேண்டும். இந்தச் சூழலில் ஜூலியன் என்ற மாணவனும் புதிதாக வந்த போனேயும் முதலில் முறைத்துக்கொண்டு, பிறகு நண்பர்களாகிறார்கள். போனே, பாதிரியார் பொய்ப் பெயரில் ஒளித்து வைத்திருக்கும் யூதச் சிறுவன்.

முதல் பாதியைப் பார்க்கும் மாணவன், "என்ன சார், ஒன்னுமே நடக்கலையே" என்று கேட்கலாம். நடக்கிறது. விடுதி ஒழுங்கு என்பது எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி செய்வது. அதனாலேயே, அப்படிச் செய்ய முடியாதவன் சட்டென்று தெரிந்துவிடுகிறான். மற்றவர்கள் ஜெபம் சொல்லும்போது போனேயின் வாய் அசைவதில்லை. பன்றியிறைச்சி கொடுத்தால் வேண்டாம் என்கிறான். எல்லாரும் தூங்கியபின் மெழுகுவர்த்தி ஏற்றித் தன் வழிபாட்டைச் செய்கிறான். நற்கருணை வாங்க மற்றவர்களோடு மண்டியிடும்போது, பாதிரியார் அவனுக்குக் கொடுக்காமல் அடுத்தவனுக்குக் கொடுக்கிறார். இவற்றையெல்லாம் ஜூலியன் கவனிக்கிறான். யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை. அன்றாட நடைமுறையே பாத்திரப்படைப்பாகிவிடுகிறது.

உணவும் அப்படித்தான். போர்க்காலப் பஞ்சத்தில் வீட்டிலிருந்து வரும் ஜாம் போத்தலுக்கு மதிப்பு அதிகம். சமையலறையில் வேலை செய்யும் ஜோசஃப் ஒரு கால் ஊனமான ஏழைப் பையன். மாணவர்கள் அவனைக் கேலியும் செய்கிறார்கள், அவனிடம் பண்டமாற்றும் செய்கிறார்கள். ஜூலியன் ஜாம் கொடுத்துத் தபால்தலை வாங்குகிறான். திருட்டு வெளிப்பட்டதும் ஜோசஃப் வேலையை இழக்கிறான். அவனோடு வியாபாரம் செய்த மாணவர்களுக்கோ வெளியே செல்லத் தடை மட்டும்தான். அவர்களை நீக்காதது பெற்றோரை முன்னிட்டே என்று தலைமைப் பாதிரியார் சொல்கிறார். தாம் செய்வது அநீதி என்றும் ஒப்புக்கொள்கிறார். துரத்தப்பட்ட ஜோசஃப் கெஸ்டாப்போவிடம் காட்டிக்கொடுக்கிறான். அடுத்து வருவது கைது.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். துரோகத்தை ஏழை, ஊனமுற்ற பையன் தலையில் கட்டுவது நியாயமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் படம் அவனை வில்லனாக்கி ஒதுக்கவில்லை. உங்களோடு வியாபாரம் செய்யாமல் இருந்திருந்தால் எனக்கு வேலை போயிருக்காது என்று அவன் ஜூலியன் முகத்துக்கு நேரே சொல்கிறான். அது அவன் குற்றத்தை அழிக்காது. மற்றவர்களின் பங்கையும் மறைக்காது. மூன்று சிறுவர்களை உயிரைப் பணயம் வைத்துக் காத்த அதே பாதிரியார்தான், பெற்றோர் முன்னிலையில் செல்வந்தரின் சுயநலத்தைக் கண்டித்துப் பிரசங்கம் செய்த அதே பாதிரியார்தான், சமையலறைப் பையனுக்கு ஒரு நீதி, பணக்காரப் பிள்ளைக்கு ஒரு நீதி என்று தண்டித்தார். நல்லவரின் அந்த ஒரு சறுக்கலைப் பூசி மெழுகாமல் காட்டியதே படத்தின் பெரிய பலம் என்பேன்.

இதற்கு அடிப்படை மால் சிறுவயதில் நேரில் கண்ட சம்பவம். 1944 ஜனவரி 15-ஆம் நாள் ஆவோன் நகரப் பள்ளியில் பாதிரியார் ழாக்கும் மூன்று யூத மாணவர்களும் கைதானார்கள். மாணவர்கள் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டனர். பாதிரியார் மவுட்ஹவுசன் முகாமிலிருந்து மீட்கப்பட்டும் சில வாரங்களில், 1945 ஜூனில், இறந்தார்.

மாணவர்களே, 'பின்னணி' எழுதும்போது இடத்தின் பெயரோடு நிற்காதீங்க. அந்த இடத்தின் எந்த விதி, எந்தப் பழக்கம் பாத்திரத்தை நெருக்குகிறது, அது எந்த நிகழ்வுக்கு இட்டுச் செல்கிறது என்று ஒரு வரி சேருங்க. விடை பட்டியலாக நில்லாமல் திறனாய்வாக மாறும். ஆசிரியர்கள் வகுப்பில் கலந்துரையாட ஒரு கேள்வி: மாணவர்களுக்கும் ஜோசஃபுக்கும் ஒரே தண்டனை கிடைத்திருந்தால், கதை எந்த இடத்தில் திசைமாறியிருக்கும்? நாம் வகுப்பில் கொடுக்கும் தண்டனைகளையும் பிள்ளைகள் இதோடு சேர்த்துப் பேசினால், தடுக்க வேண்டாம்.