தற்புகழ்ச்சியும் தகவும்

தம் நூலைத் தாமே புகழ்ந்து பேசும் எழுத்தாளரைக் கண்டால் நாம் முகம் சுளிக்கிறோம். வாசகர் வட்டங்களிலோ இது அடிக்கடி எழும் சிக்கல். வேறொருவர் நூலை ஆராயக் கூடிய அவையில் ஒருவர் எழுந்து தம் நூலின் பெருமையை விரிக்கத் தொடங்குகிறார்; ஆய்வு திசைமாறுகிறது. சலிப்புற்ற வட்டத்தினர், 'எழுத்தாளர் எவரும் தம் நூலைப் பற்றி இங்கே வாய் திறக்கலாகாது' என்று விதி செய்துவிடுகின்றனர். இவ்விதி நேரியதுதானா?

நம் இலக்கண ஆசிரியர்கள் இதனை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, பிறர் காணாததைக் கண்டு பல துறை முற்றிய நூலைச் செய்தவராயினும், தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்கிறது. ஆயினும் அடுத்து வரும் நூற்பா நான்கு இடங்களில் அதற்கு இசைவு தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தம் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிரி தம்மைப் பழித்தபோது. இந்நான்கிலும் புலவர் தம் முகத்தைக் காட்டியே பேசுகிறார் என்பது கருதத்தக்கது.

பிறர் புகழ்வதற்கும் அங்கே வரம்புண்டு. சிறப்புப்பாயிரம் சொல்லத் தக்கவர் யாவர்? நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கற்றவர், அவர்தம் மாணாக்கர், தகுதிவாய்ந்த உரைகாரர். இவர்களுள் முதல் மூவரும் நூலாசிரியருக்கு நெருங்கியவர்கள்; நடுநிலையாளர் எனச் சொல்ல இயலாது. எனினும் உறவு இன்னதென்று அவை அறியும். அப்புகழ்ச்சியில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் கேட்பவருக்குத் தெரியும்.

இவ்வளவுகோலைக் கொண்டு அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனை நிறுத்துப் பார்ப்போம். 1855இல் 'புல்லின் இதழ்கள்' நூலைத் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டபோது, அவரைக் கவிஞராக அறிந்தோர் சிலரே. ஒரு படி அந்நாட்டின் பேரறிஞர் எமர்சனுக்குச் சென்றது. அறியாதாரிடம் தம் ஆற்றலைக் காட்டும் நேரிய வழி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. எமர்சன் நெஞ்சாரப் பாராட்டித் தனிமடல் எழுதினார். விட்மன் அம்மடலை அவரது இசைவு பெறாமலே நாளிதழில் வரச் செய்தார். 1856இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில் அதன் ஒரு தொடரைப் பொன்னெழுத்தில் பொறித்தார். அன்றியும், தம் நூலுக்குத் தாமே பெயரின்றி மதிப்புரைகள் எழுதி இதழ்களில் வெளியிட்டார்.

நூல் பெரிது என்பதில் நமக்கு ஐயமில்லை. அம்மதிப்புரைகளின் பாராட்டைக் காலமும் பெரிதும் ஏற்றுக்கொண்டது. எனினும், யாரோ ஒரு நடுநிலை வாசகர் சொல்கிறார் என நம்பிப் படித்தவருக்கு இழைத்த வஞ்சனை அதனால் நீங்கிவிடாது. அறியப்படாத கவிஞருக்கு வேறு வழி ஏது என்பார் உளர். அதே நூலின் நீண்ட முன்னுரையில் அவர் தம் கவிதைக் கொள்கையை முழங்கினாரே! அதனை வஞ்சனை என்பார் எவருமிலர்.

ஆதலின், கூடத்தில் கூடினும் கைப்பேசியில் கூடினும், வாசகர் வட்டங்களுக்கு முழுத் தடை வேண்டா. பெரிய பதிப்பகத்தின் விளம்பரம் உடையவரை அத்தடை தீண்டாது. தம் நூலைத் தாமே தோளில் சுமந்து விற்கும் எளிய எழுத்தாளரையே அது வாயடைக்கும். எழுத்தாளர் தம் பெயரிலேயே பேசட்டும். அதற்கென ஒதுக்கிய வேளையில் அளவோடு பேசட்டும். பிறர் நூலை ஆராயுமிடத்தில் தம் நூலை நுழைக்காதிருக்கட்டும். நண்பரும் உறவினரும் பாராட்டலாம். ஆனால் தம் உறவைச் சொல்லிப் பாராட்டட்டும். தனிமடலில் வந்த பாராட்டை, எழுதியவரின் இசைவின்றி எவரும் விளம்பரமாக்க வேண்டா.

முகம் காட்டித் தம்மைப் புகழ்பவரை நாம் பொறுத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், புன்னகைத்துக் கடந்தும் செல்லலாம். முகம் மறைத்தவரோ, நம்மிடமிருந்து அவ்வுரிமை மூன்றையும் பறித்துக்கொள்கிறார்.