கசப்பைக் கற்றுத்தந்தது யார்?

மருந்து தேவர் தந்த வரமாம். மூலிகை முனிவரின் ஞானத்தில் முளைத்ததாம்! இவ்வாறு பேசுவோர் எல்லா நாட்டிலும் உளர். அவர்களை நாம் தான்சானியாவின் மகாலே மலைக்காட்டுக்கு அழைக்கிறோம்.

1987 நவம்பரில் அங்கே ஒரு பெண் சிம்பன்சி நோயுற்றுச் சோர்ந்து கிடந்தது. வெர்னோனியா அமிக்டலினா என்னும் கசப்புச் செடியின் தண்டை ஒடித்தது. இலையையும் பட்டையையும் ஒதுக்கியது. உட்சோற்றை மட்டும் மென்று சாற்றை விழுங்கியது. மறுநாள் தேறி எழுந்தது. கண்டவர் இருவர்: ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மன், டோங்வே இனத்தைச் சேர்ந்த முகமதி செய்ஃபு கலுண்டே. அச்செடி தம் மக்களின் வயிற்றுநோய் மருந்து என்றறிந்தவர் கலுண்டேதான். 1989இல் வெளிவந்த கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. உள்ளூரார் அறிவைக் கவர்ந்துகொண்டு அவர்தம் பெயரை மறைப்போர் மலிந்த உலகில் இது பாராட்டுக்குரியதே.

அதனினும் நாம் போற்றுவது அக்கட்டுரையின் தலைப்பை. மருந்து என்று முழங்கவில்லை. மருந்தாக இருக்கக்கூடிய செடி என்றே எழுதினர். ஒரே விலங்கு; அது தானாகவே தேறியிருக்கலாம் அன்றோ? அந்த ஐயந்தான் அடுத்த சோதனைக்கு வழிகோலிற்று. பின்னர் இன்னொரு சிம்பன்சி அதே சோற்றை மென்றபோது மலத்தைச் சோதித்தனர். கிராமுக்கு 130ஆக இருந்த புழுமுட்டைகள் 20 மணி நேரத்தில் 15ஆகக் குறைந்திருந்தன.

அறிஞரும் தவறினர், அதையும் சொல்லவேண்டும். சிம்பன்சிகள் ஆஸ்பிலியா இலைகளை மெல்லாமல் விழுங்குவதை 1983இல் ராங்கமும் நிஷிடாவும் எழுதினர். இலையில் புழுக்கொல்லி நஞ்சு உண்டென்று கருதினர். பிறகு ஆராய்ந்தபோது அந்த நஞ்சு இலையில் இல்லை! காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிய சொரசொரப்பான இலைகள் செரிக்காமல் வெளிவந்தன. உயிருள்ள புழுக்களும் உடன் வந்தன. இலை குடலுக்குத் துடைப்பமாயிற்று. பழைய கொள்கை வீழ்ந்தது. வீழ்த்தியவரைத் தெய்வ நிந்தனை செய்தார் என எவரும் தூற்றவில்லை.

எல்லாம் பிறவி உணர்ச்சியே என்போர்க்கும் ஒரு சொல். கூண்டில் வளரும் சிம்பன்சிகளுக்குச் சொரசொரப்பான இலைகளைக் கொடுத்தபோது சில தாமே விழுங்கின. மற்றவை பார்த்துக் கற்றன. மனிதன் மட்டும் வேறா? கலுண்டேயின் பாட்டனார், நோயுற்ற முள்ளம்பன்றி ஒரு செடியின் வேரைத் தின்று தேறியதைக் கண்டார். அச்செடி நஞ்சென்று ஊரார் அஞ்சினர். வயிற்றுக்கடுப்பால் மக்கள் வாடிய வேளையில், அவர் தாமே சிறிது உண்டு காட்டிய பிறகே அதை நோயாளிகளுக்குக் கொடுக்க இசைந்தனர்.