உக்காழின் தோற்கூடாரம்

இலக்கிய விழாக்கள் பெருகிவரும் காலம் இது. கவிஞர் பாடுகிறார், எழுத்தாளர் உரையாற்றுகிறார், இசைவாணர் இசைக்கிறார், அவை கைதட்டிக் கலைகிறது. இவற்றுக்கெல்லாம் மூதாதை எனத்தக்க உக்காழ் சந்தையை இவ்வேளையில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

தாயிஃபுக்கு அண்மையில், போர் விலக்கப்பட்ட துல்கஅதா மாதத்தில் கூடிய அச்சந்தையில் சரக்குகளோடு சொல்லும் மதிப்பிடப்பட்டது. குஸ் இப்னு ஸாயிதா சொற்பொழிவாற்றியதும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கோத்திரத்தாரை ஏகத்துவத்தின்பால் அழைத்ததும் அங்கேதான். பாட்டின் இசைநயத்தால் 'ஸன்னாஜத்துல் அரப்' எனச் சிறப்பிக்கப்பட்ட அல் அஃஷா பாடியதும் அங்கேதான்.

கவிஞர்களுக்குத் தீர்ப்பளிக்க நாபிகா அத்துப்யானீக்குச் செந்நிறத் தோற்கூடாரம் ஒன்று அமைக்கப்படுவது வழக்கம். ஒருமுறை அவர் அல் அஃஷாவை முதல்வராக்கி, அடுத்துக் கன்ஸாவைப் போற்றினார். ஹஸ்ஸான் இப்னு தாபித் வெகுண்டெழுந்து, தாமே சிறந்த கவிஞர் என வாதிட்டார். நாபிகா சினம் கொள்ளவில்லை, காரணம் கூறினார். தம் குலத்தாரின் விருந்துக் கலங்களையும் வாள்களையும் புகழவந்த ஹஸ்ஸான், சிற்றெண்ணிக்கையைக் குறிக்கும் பன்மை வடிவை (ஜம்உல் கில்லத்) ஆண்டு, பெருமையைத் தாமே சுருக்கிவிட்டார் என்பது அவற்றுள் ஒன்று.

இலக்கண வரையறைகள் பிற்காலத்தவை என்பதால் இவ்வறிவிப்பின் இப்பகுதியை ஐயுற்ற அறிஞர் உண்டு. குதாமா இப்னு ஜஅஃபரோ தமது 'நக்துஷ் ஷிஃர்' நூலில் ஹஸ்ஸான் பக்கமே நின்றார். கவிதையில் மிகைக்கூற்று கட்டாயமன்று என்பது அவர் வாதம். ஒரு சந்தையில் எழுந்த கருத்து வேறுபாடு இவ்வாறு நூற்றாண்டுகள் கடந்து ஒரு கலையாகவே வளர்ந்தது. காரணம் கூறப்பட்டதாலன்றோ மறுப்பும் பிறந்தது!

ஹிஜ்ரி 129 அளவில், காரிஜிகளின் கலகத்தையொட்டி மறைந்த அச்சந்தை, 2007 இல் சஊதி அரசால் மீண்டும் தொடங்கப்பட்டது. கவியரங்கு, நாடகம், கைவினை, 'உக்காழின் கவிஞர்' என்னும் பரிசு ஆகியன இடம்பெற்றன. பின்னர் இசைக் கச்சேரிகளும் சேர்ந்தன. இவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், பரிசு யார் சிறந்தவர் என்று அறிவிக்கும். ஏன் என்று விளக்குவது விமர்சனம் ஒன்றே. மேடை புதுப்பிக்கப்படலாம், கூடாரம் புதுப்பிக்கப்படாவிடில் உக்காழ் மீண்டதாகாது.

1973 இல் திருச்சியில் தொடங்கிய உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டு மரபுக்கு உரியவர்களாகிய நமக்கும் இதில் படிப்பினை உண்டு. நம் கவியரங்குகளில் பொன்னாடைக்குக் குறைவில்லை; பாடியவரிடம் ஒரு சொல்லைச் சுட்டி, 'இது பொருந்தவில்லை' எனச் சொல்பவரே அரிது. குறை சொன்னால் உறவு முறியும் என அஞ்சுகிறோம்.

அவ்வச்சத்திற்கு விடை ஹஸ்ஸானின் வாழ்விலேயே இருக்கிறது. உக்காழில் குறை சுட்டப்பட்ட அதே நாவுக்காகவே பின்னர் மஸ்ஜிதுந் நபவியில் மிம்பர் இடப்பட்டது. விமர்சனம் கவிஞனை வீழ்த்துவதில்லை.