காலகேயர் தலைவனின் நாவன்மை

எஸ்.எஸ். ராஜமௌலியின் ‘பாகுபலி’ 2015 ஜூலை 10-ஆம் தேதி வெளிவந்தபோது அப்படத்தின் கற்பனை ராஜ்யமான மகிழ்மதியின் கோட்டை கொத்தளங்களையும் யுத்த வியூகங்களையும் வியந்து பேசியவர்கள் அநேகர். ஆயினும், நடிப்பு என்ற அளவில் அப்படத்தில் மிகக் கடினமான பரீட்சைக்கு உட்பட்டவர் மகிழ்மதியின்மேல் படையெடுத்துவரும் காலகேயர் கூட்டத்தின் தலைவனாக வந்த பிரபாகரே என்பது என் அபிப்பிராயம். மற்றவர்களுக்கு வசனம் பாதிப் பாரத்தைச் சுமந்தது. அவருக்கோ, கொட்டகையில் ஒருவருக்கும் அர்த்தமாகாத பாஷையைப் பேசியே அத்தனை பேரையும் அஞ்சவும் அருவருக்கவும் செய்யவேண்டிய கடமை வாய்த்தது.

அந்தப் பாஷை கிளிக்கி. படத்தின் தமிழ் வசனகர்த்தா மதன் கார்க்கி, ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் குழந்தைகளுக்காக விளையாட்டாகப் புனைந்த சிறுமொழி ஒன்றை வித்தாகக் கொண்டு, ஏறக்குறைய 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாக வளர்த்தெடுத்தது. மேனாட்டில் கிளிங்கான் மொழியைச் சமைத்த மார்க் ஓக்ராண்டும், ‘அவதார்’ படத்துக்கு நாவி மொழியைச் சமைத்த பால் ஃப்ரோமரும் மொழியியல் வல்லுநர்கள். நம்மவரோ கணினி விஞ்ஞானத்தில் முனைவர்.

போருக்கு முந்திய பேச்சுவார்த்தைக் காட்சியைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். கர்ஜனைக்கு மூச்சு வெளியே பாயவேண்டும். கிளிக்கியில் வரும் நாவைச் சொடுக்கும் ஒலிக்கோ, நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே காற்றை உள்ளிழுக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோப்பவன் பயிற்சியில்லாதவனாயின், கர்ஜனை நடுவில் அறுந்து, சொடுக்கு தனியே விழுந்து, பார்ப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். பிரபாகரிடம் அந்த முறிவு தெரிவதில்லை. தாடையும் கண்ணும் கழுத்து நரம்பும் சேர்ந்து அந்த இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. மகிழ்மதியின் ராஜமாதா சிவகாமியை அத்தலைவன் இழித்துப் பேசுகையில், சொல்லின் பொருள் புரிவதற்கு முன்பே அதன் ஆபாசம் நமக்கு எட்டிவிடுகிறது.

அர்த்தமாகாத இந்தப் பேச்சைச் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்து ரசிகர்கள் எளிதில் ஏற்றதில் எனக்கு ஆச்சரியமில்லை. கொடை விழாவில் அருள் வந்து ஆடும் சாமியாடியின் வாய்மொழியில் பாதி விளங்காவிடினும், அது கோபமா, குறையா, வரமா என்று நள்ளிரவிலும் தவறாமல் பிரித்தறியும் ஜனங்கள் இவர்கள். சொடுக்கொலியும் இவர்களுக்குப் புதிதன்று. ஆடு மேய்ப்பவர் மந்தையைத் திருப்புவதும், இரங்கத்தக்க செய்தி கேட்ட பாட்டி உச்சுக்கொட்டுவதும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆனால் நம் பாஷை அவ்வொலியைச் சொல்லுக்குள் அனுமதிக்கவில்லை.

அனுமதித்த பாஷைகள் தென்னாப்பிரிக்காவில் உண்டு. ஸோசாவும் ஸூலுவும் பேசுகிற இலட்சக்கணக்கானோர் அவ்வொலிகளிலேயே கடைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள், வழக்காடுகிறார்கள். அவ்வொலியை எடுத்து, கரி பூசிய மேனியோடு கொடியவர்களின் அடையாளமாக நிறுத்தியது படைப்பாளிகளின் சோம்பல். நடிகரின் சாமர்த்தியம் எத்தகையதாயினும், இந்தக் குறையை அது மறைத்துவிடலாகாது.

2020 பிப்ரவரி 21-ஆம் தேதி, உலகத் தாய்மொழி நாளன்று, கிளிக்கிக்கு எழுத்து வடிவமும் கற்பதற்கான இணையதளமும் வெளியாயின. எழுத்து வந்துவிட்டது, இனி வேண்டியது இரண்டாவது நடிகர். அவர் அந்தப் பாஷையில் கடன் கேட்டுக் கெஞ்சட்டும், பிள்ளையைத் தூங்கவைக்கட்டும். கிளிக்கியின் பலம் பிரபாகரின் தொண்டையில் இருந்ததா, கார்க்கியின் இலக்கணத்தில் இருந்ததா என்பதை அப்போது தீர்மானித்துக்கொள்ளலாம்.