கூரைமேல் சூரியன்: பேச்சும் கணக்கும்

“மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்? வண்டிக் கூரையில் சூரிய மின்பலகையைப் பதித்துவிட்டால் போதும், எல்லாம் இலவசம்!” என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சினிமாப் படப்பிடிப்புகளால் நமக்கு அறிமுகமான ‘கேரவன்’ வண்டிகள் இன்று சுற்றுலாவுக்கும் வந்துவிட்டன. கேரள அரசு 2021-இல் இதற்கெனத் திட்டமே வகுத்தது. கடன் வாங்கி இத்தகைய வண்டியை அமைக்க நினைப்பவர் பேச்சை நம்புவதா, கணக்கை நம்புவதா? கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். மின்பலகைக்கு வேண்டியது ஒளி; வெப்பம் அன்று. சிலிக்கன் மின்கலம் 25° செ.-க்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். சித்திரை மாத நண்பகலில் கூரையோடு ஒட்டிய பலகை 65° வரை சூடேறலாம். அப்போது 40 × 0.4 = 16 சதவீதம் இழப்பு! ஆகவே பலகைக்கும் கூரைக்கும் நடுவே காற்றோட இடைவெளி வேண்டும்.

நமக்குச் சாதகமான செய்தியும் உண்டு. மதுரை ஏறத்தாழ 10° வட அட்சத்தில் இருப்பதால், ஐரோப்பாவில் செய்வதுபோல் பலகையை அதிகம் சாய்க்க வேண்டியதில்லை. கூரையில் படுக்க வைத்தாலும் ஆண்டு முழுவதிலும் இழப்பு சொற்பமே. ஆனால் புழுதி தங்கும். அடிக்கடி துடைக்க வேண்டும்.

இனி வரவு. 200 வாட் பலகைகள் இரண்டு எனக் கொள்வோம். நம் பகுதியில் ஒரு நாள் வெயில், சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். 400 × 5 = 2,000 வாட்-மணி, அதாவது 2 யூனிட். வெப்பம், புழுதி, கம்பி, பாட்டரி ஆகியவற்றில் 30 சதவீதம் போனால் கைக்கு வருவது 1.4 யூனிட்.

செலவு என்ன? 10 வாட் விளக்குகள் நான்கு, 5 மணி நேரம்: 0.2 யூனிட். 30 வாட் மின்விசிறிகள் இரண்டு, 10 மணி நேரம்: 0.6 யூனிட். சிறிய குளிர்பெட்டிக்கு 0.5 யூனிட். மொத்தம் 1.3. கணக்கு நேராகிறது! ஆனால் ஒரு கிலோவாட் இழுக்கும் ஏ.சி. 6 மணி நேரம் ஓடினால் 6 யூனிட். வரவைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். வண்டியையே ஓட்டுவதோ? சிறிய மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.15 யூனிட் வேண்டும். 1.4 யூனிட்டில் மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போய்ச் சேரலாம். திரும்பிவர மறுநாள் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். கனத்த கேரவனுக்கு அதுவும் இயலாது.

பாட்டரியையும் மறக்கக்கூடாது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய பாட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். நாள்தோறும் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும்.

இன்னொரு சிக்கல் நிழல். வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்க முடியாது. புளியமர நிழலில் நிறுத்தினால் பலகை தூங்கும். மின்கலங்கள் தொடரிணைப்பில் இருப்பதால் ஒரு சிறு கிளையின் நிழல்கூட விளைச்சலைப் பெரிதும் குறைக்கும். நீண்ட கம்பியுடன் தனியே எடுத்து வெயிலில் வைக்கக்கூடிய பலகையே இங்கு நல்ல தீர்வு.

2017 ஜூலையில் டில்லியில் ‘சூரிய ரயில்’ புறப்பட்டது. பெட்டிக்கு 300 வாட் பலகைகள் 16. பயனுள்ள முயற்சிதான், ஆனால் அவை விளக்குக்கும் விசிறிக்குமே. ரயிலை இழுத்தது டீசல். பெயர்தான் மிகை. அதே ஆண்டு ஜனவரியில் கேரளத்து வைக்கத்தில் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ படகோ 75 பயணிகளைச் சுமந்தது. அகன்ற கூரை, மெதுவான வேகம், குறுகிய தூரம் ஆகிய மூன்றும் அங்கே பொருந்தின. சூரிய சக்தி தோற்பதில்லை. பொருந்தாத வேலையைக் கொடுப்பவர்களே அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்.

ஆகவே விற்பவரிடம் “எத்தனை வாட்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “நாளொன்றுக்கு எத்தனை யூனிட் கைக்கு வரும்?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், கணக்கை நீங்களே போடுங்கள். அதற்குப் பள்ளிப் பெருக்கல் போதும்.